சேர்ந்தவர் எத்தனை? தேறியவர் எத்தனை?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். காரியதரிசி ஆண்டறிக்கையை வாசித்துக்கொண்டு வந்தார். அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கிய செய்தி வந்ததும் கைதட்டல் எழுந்தது. அது ஓய்ந்தபின் பின்வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து நின்றார். “தம்பி, போன வருஷமும் இப்படித்தான் வாசித்தீர்கள், அதற்கு முந்தின வருஷமும் வாசித்தீர்கள். வாங்கின பிள்ளைகளில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தடவையாவது வாசிக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

காரியதரிசி ஏட்டைப் புரட்டினார். கொடுத்த தொகைக்கு ரசீது இருந்தது; கல்லூரியில் சேர்ந்ததற்குச் சான்று இருந்தது; முடித்தவர் கணக்கு மட்டும் இல்லை. “அடுத்த ஆண்டு சேர்த்துக் கொள்கிறோம், ஐயா” என்றார். கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டது.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை. நெசவாளி கேட்கக்கூடிய கேள்விதான் அது. பாவில் எத்தனை இழை ஓட்டினோம் என்பது கணக்கன்று. துணியாக இறங்கியது எத்தனை கஜம் என்பதே கணக்கு. வேளாண்மை செய்பவருக்கும் இது தெரியும். எத்தனை நாற்று நட்டோம் என்று எவரும் பெருமை பேசுவதில்லை; களத்துக்கு வந்த மூட்டையைத்தான் எண்ணுகிறார். கல்வியில் மட்டும் நாம் ஏன் நட்டதை எண்ணி நின்றுவிடுகிறோம்?

இக்கேள்வியை ஒரு நாட்டின் கல்லூரிகள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, விடையும் தேடியிருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமுதாயக் கல்லூரிகளே அவை. அவற்றின் அனுபவத்தை நம் அங்கத்தினர்கள் முன் வைப்பது பயனுடையது என்று கருதி இதனை எழுதுகிறேன்.

திறந்த கதவு

சமுதாயக் கல்லூரி என்பது பெரிய பல்கலைக்கழகமன்று. உள்ளூர் மக்களுக்காக, உள்ளூர் மக்களின் வரிப்பணத்தையும் மாகாண அரசின் மானியத்தையும் கொண்டு நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரி அது. 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்தில் ஜோலியட் என்னும் ஊரில் ஆறே மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியே இவ்வகையில் முதற் பொதுக் கல்லூரி எனப் போற்றப்படுகிறது. வெளியூர் சென்று தங்கிப் படிக்க வசதியற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தே இரண்டாண்டு படித்துக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது இக்கல்லூரிகள் பெருகின. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947இல், ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரையே நாடறியச் செய்தது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 1,000 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இவற்றின் தனிச்சிறப்பு திறந்த கதவு. மதிப்பெண் குறைவு என்றோ, வயது கூடிவிட்டது என்றோ எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. பகலில் கடையில் வேலை செய்பவர், குழந்தையை இடுப்பில் தூக்கிய தாய், ஆலை மூடியதால் வேலையிழந்த நடுவயதினர் யாவரும் அங்கே மாணவர்.

ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்று. உள்ளே வந்தவர் படிப்பை முடித்து வெளியேறுவது மற்றொன்று. நெடுங்காலம் இக்கல்லூரிகள் சேர்க்கையையே வெற்றியாக எண்ணிவந்தன. மானியமும் பெரும்பாலும் சேர்ந்தவர் தலையை எண்ணியே வந்தது. உள்ளே வந்தவருள் பெரும்பாலோர் பட்டயமும் பெறாமல், பெரிய பல்கலைக்கழகத்துக்கும் மாறாமல், சத்தமின்றி நின்றுபோயினர். நின்றவர் கையில் சான்றிதழ் இல்லை. சிலர் தலையில் கல்விக் கடன் மட்டும் இருந்தது. கடைமடைக்குச் சேராமல் வாய்க்காலிலேயே கசிந்துவிட்ட நீர் போன்றது இது. மதகில் எவ்வளவு நீர் திறந்தோம் என்ற கணக்கு மட்டும் ஏட்டில் சரியாக இருந்தது.

நியூயார்க்கின் பரீட்சை

இந்தக் கசிவை அடைக்க நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஏ.எஸ்.ஏ.பி. என்று அழைப்பர். மூன்றாண்டுக்குள் மாணவரைப் பட்டயம் பெறச் செய்வதே அதன் குறிக்கோள்.

திட்டத்தில் மாயம் ஒன்றுமில்லை. மானியம் போகக் கட்டணத்தில் எஞ்சிய பாக்கியைக் கல்லூரி ஏற்றது. பாடப் புத்தகம் இலவசம். நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்லப் பயணச் சீட்டு இலவசம். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். சாதாரணமாக இக்கல்லூரிகளில் 600 முதல் 1,500 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் இருப்பார். அவருக்கு முகமே தெரியாது. இத்திட்டத்திலோ அப்போது 60 முதல் 80 மாணவர்களுக்கு ஒருவர் இருந்தார். மாதம் இருமுறையேனும் மாணவர் அவரைக் கண்டு பேச வேண்டியிருந்தது. இவ்வளவும் தருவதற்கு மாணவரிடமிருந்து கேட்டது ஒன்று: முழுநேரம் படிக்க வேண்டும், கணக்கிலும் மொழியிலும் பின்தங்கியிருந்தால் அதற்கான ஆயத்தப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டும்.

நல்லவற்றைச் செய்தால் நன்மை விளையும் என்று சொல்லிவிட்டு இருந்துவிடவில்லை, பரீட்சித்துப் பார்த்தனர். எம்.டி.ஆர்.சி. என்னும் ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களை எடுத்துக்கொண்டது. அனைவரும் வருமானம் குறைந்த குடும்பத்தினர். ஆயத்தப் பாடம் தேவைப்பட்டவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு இத்திட்டம். மறு பகுதியினருக்கு வழக்கமான கல்லூரி வசதி. கெட்டிக்காரரைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு வெற்றி என்று சொல்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று.

மூன்றாண்டு முடிவு 2015இல் வெளியாயிற்று. வழக்கமான வழியில் சென்றவரில் நூற்றுக்கு 22 பேர் பட்டயம் பெற்றிருந்தனர். திட்டத்தில் இருந்தவரில் நூற்றுக்கு 40 பேர் பெற்றிருந்தனர். அதாவது ஏறக்குறைய இருமடங்கு. பின்னர் ஒஹையோ மாகாணத்தின் மூன்று கல்லூரிகள் இதே முறையைக் கைக்கொண்டபோது, நூற்றுக்கு 19 என்பது 35 ஆக உயர்ந்தது. ஓர் ஊரின் மண்ணுக்கு மட்டும் பொருந்தும் பயிரன்று இது என்பதற்கு இது சான்று.

உண்மையை மறைப்பதில் பயனில்லை. இவ்வளவு செய்தும் நூற்றுக்கு 60 பேர் அந்த மூன்றாண்டுக்குள் முடிக்கவில்லை. வறுமையின் சுமை அத்தகையது. ஆயினும் 18 குடும்பங்களில் விளக்கேற்றுவது சிறிய காரியமா?

செலவுக் கணக்கு

கூட்டுறவாளர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். “எல்லாம் சரி, பணம்?” என்பதே அது.

பணம் கூடுதலாகத்தான் செலவாயிற்று. வழக்கமான செலவைக் காட்டிலும் ஒரு மாணவருக்கு மூன்றாண்டில் 16,300 டாலர், அதாவது நூற்றுக்கு 63 பங்கு, அதிகம். இதைக் கேட்டதும், ‘கட்டுபடியாகாது’ என்று ஏட்டை மூடிவிடத் தோன்றும். ஆனால் கணக்கை இன்னும் ஒரு வரி நீட்டிப் பாருங்கள்.

எளிமைக்காக, வழக்கமான முறையில் ஒரு மாணவருக்கு 100 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 100 மாணவருக்கு 10,000 ரூபாய். அவர்களில் 22 பேர் தேறினர். தேறிய ஒருவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 455 ரூபாய். புதிய முறையில் ஒரு மாணவருக்கு 163 ரூபாய். 100 பேருக்கு 16,300 ரூபாய். தேறியவர் 40 பேர். தேறிய ஒருவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 408 ரூபாய். ஆராய்ச்சியாளர் நுணுக்கமாகக் கணக்கிட்டதிலும் தேறிய ஒருவருக்கான செலவு நூற்றுக்கு 11 பங்கு குறைந்திருந்தது.

சேர்ந்தவரைக் கொண்டு வகுத்தால் செலவு அதிகம். தேறியவரைக் கொண்டு வகுத்தால் செலவு குறைவு. எதைக் கொண்டு வகுப்பது என்பதிலேதான் நிர்வாகத்தின் அறிவு இருக்கிறது. மலிவு நூல் வாங்கிப் பாதி அறுந்துபோனால் அந்த மலிவு யாருக்கு லாபம்? இடையில் நின்ற மாணவருக்காகச் செலவிட்ட பணமே கல்விக் கணக்கில் மிகப் பெரிய விரயம்; அது எந்த ஐந்தொகையிலும் நஷ்டமாகத் தோன்றுவதில்லை என்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

அறுந்த இழையைத் தேடுதல்

மாணவர் ஏன் நிற்கிறார்? ‘படிப்பு ஏறவில்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. டெக்ஸாஸ் மாகாணத்தின் வடமுனையில் அமரில்லோ என்னும் ஊரில் உள்ள சமுதாயக் கல்லூரி, இதைத் தன் மாணவர்களிடமே கேட்டது. உங்கள் படிப்புக்கு இடையூறாக நிற்பவை யாவை என்று வினவியபோது, முதலில் வந்த பத்து இடையூறுகளில் ஒன்றேனும் பாடம் பற்றியதாக இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, வண்டி பழுது, வீட்டு வாடகை, மின் கட்டணம், மருத்துவச் செலவு. இவையே விடைகள்.

ஆசிரியர் கரும்பலகையில் என்ன எழுதினாலும், பசியோடு இருப்பவர் கண்ணுக்கு அது தெளிவாகத் தெரியாது. இதை உணர்ந்த அக்கல்லூரி, ‘மரியா’ என்று ஒரு மாணவியைக் கற்பனையில் உருவாக்கிக்கொண்டது. தன் மாணவர்களின் சராசரியே அவள்: 27 வயது, குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவள், இரண்டு பகுதிநேர வேலை பார்ப்பவள், குழந்தைக்குத் தாய். கல்லூரியின் ஒவ்வோர் ஏற்பாட்டையும், ‘இது மரியாவுக்கு உதவுமா?’ என்று கேட்டு அமைக்கத் தொடங்கினர். உணவுப் பொருள் வைக்கும் அறை, துணிமணி அறை, சமூகப் பணியாளர், அவசர உதவி நிதி யாவும் ஒரே கூரையின் கீழ் ஏற்பட்டன. 16 வாரப் பருவமாக இருந்த பாடங்களில் பெரும்பாலானவற்றை 8 வாரமாகச் சுருக்கினர். 16 வாரத்துக்குள் வீட்டில் ஏதேனும் ஒரு துன்பம் நேர்ந்தே தீரும். நேர்ந்தால் பருவம் முழுதும் வீண். 8 வாரத்தில் எடுத்ததை முடித்துக்கொண்டு, துன்பம் தீர்ந்தபின் அடுத்ததைத் தொடங்கலாம். 2023ஆம் ஆண்டில் சமுதாயக் கல்லூரிகளுக்கான ஆஸ்பென் பரிசை அக்கல்லூரி மற்றொரு கல்லூரியோடு பகிர்ந்துகொண்டது.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்கிறார்? நூலைத் திட்டுவதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த முனையைத் தேடிப் பிடிக்கிறார், முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து, அதன் பிறகே நாடாவை ஓட்டுகிறார். அறுந்ததைக் கவனியாமல் ஓட்டினால் துணி நெடுகப் பழுது தொடரும். அமரில்லோவில் நடந்தது இதுவே.

கூரைமேல் விளைந்த செல்வம்

மாணவரை விரயமாக விடக்கூடாது என்று சிந்திக்கும் நிர்வாகம், மின்சாரத்தையும் தண்ணீரையும் விரயமாக விடாது. இவ்விரண்டு சிந்தனைக்கும் வேர் ஒன்றே. கலிபோர்னியாவின் வடபகுதியில் ஓரோவில் என்னும் ஊரை அடுத்துள்ள பியூட் கல்லூரி இதற்குச் சான்றாகும்.

அக்கல்லூரி ஊரைவிட்டு விலகி, 928 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. தனக்கு வேண்டிய குடிநீரைத் தானே எடுத்துக்கொள்கிறது. கழிவுநீரைத் தானே சுத்தம் செய்கிறது. சிற்றூர்களிலிருந்து வரும் மாணவருக்குத் தானே பேருந்து விடுகிறது. இத்தகைய கல்லூரிக்கு மின் கட்டணம் பெருஞ்சுமை. குறைந்த வட்டிக் கடன் பத்திரங்களின் உதவியைக்கொண்டு, சில ஆண்டுகளில் படிப்படியாகச் சூரிய மின்தகடுகளை நிறுவினர். கட்டடக் கூரைகளில் மட்டுமன்று. வண்டி நிறுத்துமிடத்தின்மேலும் நடைபாதையின்மேலும் பந்தலிட்டது போல் அமைத்தனர். கோடையில் நிழலும் கிடைத்தது; மின்சாரமும் கிடைத்தது. 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,000 தகடுகள் ஆண்டுக்கு 65 லட்சம் யூனிட் அளவில் மின்சாரம் தரும் நிலை வந்தது. தான் செலவிடுவதைக் காட்டிலும் மிகுதியாக மின்சாரம் உற்பத்தி செய்யும் முதல் கல்லூரி என்று அந்நாட்டில் அது பெயர் பெற்றது.

இது வீண் அலங்காரமன்று என்பதை அக்காலத்தை நினைத்தால் அறியலாம். 2008இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோர் புதிய தொழில் கற்கச் சமுதாயக் கல்லூரிகளை நாடி வந்தனர். அதே வேளையில் அரசின் வரி வருமானம் குறைந்ததால் கல்லூரிகளின் மானியம் வெட்டப்பட்டது. கேட்பவர் மிகுந்தபோது கொடுப்பதற்குப் பொருள் குறைந்தது. கலிபோர்னியாவில் வகுப்புகள் குறைக்கப்பட்டன. வந்தவர் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. அத்தகைய காலத்தில் மின் கட்டணம் என்னும் ஓட்டையை அடைத்த கல்லூரி, வெளியார் கையை நோக்கும் அளவு அந்த மட்டுக்குக் குறைந்தது. மிச்சமாகும் ஒவ்வொரு டாலரும் ஒரு வகுப்பை மூடாமல் காப்பதற்கு உதவக்கூடியது.

இயற்கையைக் காப்பது வேறு, மாணவரைக் காப்பது வேறு என்று எண்ணுவோருக்கு அந்த வட்டாரமே பின்னர் ஒரு துயரப் பாடம் கற்பித்தது. 2018 நவம்பர் 8ஆம் நாள், மழையின்றிக் காய்ந்து கிடந்த அம்மலைப்பகுதியில் மின்கம்பியில் எழுந்த பொறி காட்டுத்தீயாகப் பரவி, பாரடைஸ் என்னும் ஊரைச் சாம்பலாக்கியது. 85 பேர் மாண்டனர். 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பியூட் கல்லூரியின் மாணவரும் ஆசிரியரும் பலர் வீடிழந்து நின்றனர். வீடிழந்த மாணவருக்குத் தேர்வு எங்கே, பாடம் எங்கே? காற்றும் நீரும் காடும் கெட்டால் முதலில் இழப்பவர் சேமிப்பில்லாத எளியவரே. மழை பொய்த்த ஆண்டில் எந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு முதலில் நிற்கிறது என்பதை நம் கிராமங்களில் வாழ்பவர்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிலைத்து நிற்பது எப்படி?

நிலைத்து நிற்றல் என்பது மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மட்டும் உரிய சொல்லன்று, திட்டங்களுக்கும் உரியது. பெரிய அறக்கட்டளை ஒன்று மூன்றாண்டுக்குப் பணம் தருகிறது, ஆலோசகரை நியமிக்கிறார்கள், மாணவர் தேறுகிறார்கள், நான்காம் ஆண்டு பணம் நின்றதும் ஆலோசகரை அனுப்பிவிடுகிறார்கள், பழைய கசிவு மறுபடி தொடங்குகிறது. அங்கு இவ்வாறு முடிந்த முயற்சிகள் பல. மானியம் வரும்வரை ஓடி, மானியம் நின்றதும் நின்றுபோன காரியங்களை நாமும் நம் சங்கங்களில் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் உதவி விதைநெல் போன்றது; அதையே உண்டு தீர்த்தால் அடுத்த போகம் ஏது?

நியூயார்க்கின் திட்டம் இவ்விதம் அழியாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. தொடங்கிய நாள்முதல் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தனர். பலனைக் காட்ட முடிந்ததால் நகர நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. ஆயிரத்துச் சொச்சம் மாணவருடன் தொடங்கியது, 25,000 மாணவர் என்னும் அளவுக்கு விரிந்தது. நல்லெண்ணம் திட்டத்தைத் தொடங்கி வைக்கும். நல்ல கணக்கே அதை வாழவைக்கும்.

மறுப்புரைப்போர் சொல்வதையும் கேட்க வேண்டும். “புத்தகமும் பயணச் சீட்டும் கொடுத்து, பின்னாலேயே ஆள் வைத்து விசாரித்தால் மாணவர் சோம்பேறி ஆகமாட்டாரா? உழைத்துப் படிப்பவர் எப்படியும் படிப்பார்” என்கின்றனர். உழைக்கும் மனமுள்ளவர்களே பேருந்துக் கட்டணமின்றி நிற்கிறார்கள் என்பதைத்தான் மேற்கண்ட பரீட்சை காட்டியது. அத்திட்டம் கொடுத்ததோடு நில்லாமல் கேட்கவும் செய்தது. முழுநேரப் படிப்பு, தவறாத சந்திப்பு, தள்ளிப்போடாத பாடம் என்ற நிபந்தனைகளை நோக்குங்கள். கடனையும் கொடுத்து, அது விதைக்கும் உரத்துக்கும் போகிறதா என்று மேற்பார்வையும் செய்யும் நம் சங்க முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கொடுப்பது மட்டும் தானம். கொடுத்துக் கேட்பது கூட்டுறவு.

நம் கடமை

இந்தச் சமுதாயக் கல்லூரி என்னும் எண்ணம் நம் நாட்டுக்கும் வந்து பல ஆண்டுகளாகின்றன. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. அங்குள்ளவை போலன்றி, இங்குள்ளவை பெரும்பாலும் கைத்தொழில் கற்பிக்கும் குறுகிய காலப் படிப்புகளையே நடத்துகின்றன. ஆயினும் பள்ளியில் நின்றுபோனவருக்கு மறுபடி கதவு திறக்கும் நோக்கம் ஒன்றே. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதும் நமக்குப் புதிதன்று. 1956இல் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டத்தின் அடிப்படையே அதுதான். பள்ளியில் நாம் கற்ற அப்பாடத்தைக் கல்லூரி வாசலில் மறந்துவிட வேண்டாம்.

கூட்டுறவுக்கும் கல்விக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1844இல் இங்கிலாந்தில் ராக்டேல் ஊரில் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளர் பலர் இருந்தனர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் பின்னர்த் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, நூல்நிலையமும் படிப்பகமும் நடத்தினர். வெளியாரிடம் கேட்டு வாங்கிய மானியமன்று அது. தம் சொந்த ஆதாயத்தில் எடுத்துவைத்த பங்கு. ஆகவேதான் நிலைத்தது.

நம் சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவன நான்கு.

முதலாவது, கல்வி உதவி வழங்கும் ஒவ்வொரு சங்கமும் ஒரு தனி ஏடு வைக்க வேண்டும். உதவி பெற்ற பிள்ளையின் பெயருக்கு எதிரே, சேர்ந்த ஆண்டு, ஒவ்வொரு பருவத்தின் நிலை, முடித்த ஆண்டு ஆகியவற்றை எழுத வேண்டும். ஏட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், ஒரு வீட்டில் ஏதோ துன்பம் என்று பொருள். இதற்குப் பணம் வேண்டா. ஒரு குறிப்பேடும் சிறிது அக்கறையும் போதும்.

இரண்டாவது, அக்காலிக் கட்டத்தைக் கண்டதும் நிர்வாகக் குழுவில் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். தவணை தவறிய கடனுக்கு வீடு தேடிச் செல்லத் தெரிந்த நமக்கு, படிப்பு தவறிய பிள்ளைக்காகச் செல்லத் தெரியாதா?

மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை விழா வைத்து வழங்கும் தொகையில் ஒரு சிறு பகுதியை அவசர உதவியாக நிறுத்திவைக்க வேண்டும். தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், தந்தை நோயுற்ற மாதத்தின் விடுதிக் கட்டணம் போன்றவற்றுக்கு உரிய நேரத்தில் கிடைக்கும் சிறு தொகை, காலங்கடந்து கிடைக்கும் பெருந்தொகையைக் காட்டிலும் மேலானது. கருகிய பயிருக்குப் பெருமழை பெய்து பயன் என்ன? அதனை வழங்க அடுத்த மாதக் கூட்டத்துக்காகக் காத்திராமல், தலைவரும் காரியதரிசியும் கூடி முடிவு செய்து, பிறகு குழுவின் ஒப்புதல் பெறும் வகையில் விதி வகுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, வெயிலுக்குக் குறைவில்லாத நாடு நம் நாடு. சொந்தக் கட்டடமுள்ள சங்கங்கள் தம் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பது கட்டுபடியாகுமா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கட்டுபடியாகுமாயின், கடன் தீர்ந்தபின் மிச்சமாகும் மின் கட்டணத்தைப் பொதுச் செலவில் கரைத்துவிடாமல், பொதுக்குழுவின் தீர்மானத்தோடு பிள்ளைகளின் கல்விக்கென ஒதுக்கிவைக்கலாம். கூரையில் விழும் வெயில் ஒரு பிள்ளையின் புத்தகமாக மாறுமானால், அதைவிடச் சிறந்த முதலீடு வேறு ஏது?

இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மீறியதன்று. நாம் ஒரு நியூயார்க் நகரமாக வேண்டியதில்லை. நம் சங்கத்தில் உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்களை நாம் விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை சிறியதாக இருப்பதே நமக்குள்ள வசதி. 60 பேருக்கு ஓர் ஆலோசகரை வைக்க அங்கே பெரும்பொருள் செலவிட்டார்கள். இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அந்த முதிய நெசவாளர் அடுத்த பொதுக்குழுவிலும் பின்வரிசையில் வந்து அமர்வார். அன்று காரியதரிசி ஏட்டைப் புரட்டித் தேட நேராமல், “சேர்ந்தவர் இத்தனை பேர், முடித்தவர் இத்தனை பேர், நின்றவர் இத்தனை பேர், நின்றவரில் இன்னாரை மறுபடி சேர்த்துவிட்டோம்” என்று வாசிக்கட்டும். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அவர் குறை சொல்லமாட்டார். நாம் அறுந்த இழையைத் தேடத் தொடங்கிவிட்டோம் என்பதை அவர் அறிந்துகொள்வார்.